முந்திப் போறவர்தான் பொறுப்பு

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு ‘ஏற்றம்’ எண்டதும் முதலில் ஞாபகம் வருவது கோணேசர் கோயில் ஏற்றம்தான். பிரெட்ரிக் கோட்டை வாசலால் உள்ளே போய், மரநிழலில் படுத்திருக்கிற மான்களைத் தாண்டி, சுவாமிமலை உச்சி மட்டும் நடக்க வேண்டும். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் ஒருவரை ஒருவர் உரசாமல் போக ஏலாது. அர்ச்சனைத் தட்டோட ஏறுகிற அம்மம்மா, பிள்ளையைத் தோளில் வைத்திருக்கிற அப்பா, ஹோன் அடித்துக்கொண்டு இறங்கி வருகிற வான். ‘கொஞ்சம் விலகுங்கோ’ என்ற சொல்லை நாங்கள் பழகிய இடம் அது. ஆனால் மலையில் ஒருவரைக் கடந்து போவதற்கு ஒரு முறை இருக்கு, அந்த முறைக்கு ஒரு வரலாறும் இருக்கு என்று எங்களுக்கு விளங்கினது வேறொரு மலையில்.

ரெண்டு வருசத்துக்கு முந்தி, மாசி மாதம், எங்கட குழுவில் ஒன்பது பேர் சிவனொளிபாதமலைக்குப் போனோம். கண்டிக்கு பஸ், அங்கிருந்து ஹற்றன், பிறகு நல்லதண்ணி. இரவு ஏறத் தொடங்கி விடிய முதல் உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். 2,243 மீற்றர் உயரம், 5,000க்கும் மேற்பட்ட படிகள். சூரியன் வந்ததும் மலையின் முக்கோண நிழல் மேற்குப் பக்க முகிலில் விழுந்ததைப் பார்த்தோம், படம் எடுத்தோம். அதுவரைக்கும் எல்லாம் சரி.

பிழை நடந்தது இறங்கும்போது. யார் முதலில் கீழே போறது என்று எங்களுக்குள்ளே ஒரு பந்தயம். செங்குத்தான ஒரு இடத்தில் வெள்ளைச் சேலை கட்டின ஒரு ஆச்சி கைபிடிக் கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாய் இறங்கிக்கொண்டிருந்தார். எங்கட பெடியன் ஒருவன் அவருக்கும் கம்பிக்கும் நடுவில் இருந்த இடைவெளியால் நுழைந்து ஓடினான். ஆச்சி கையை எடுத்துவிட்டார். கால் தவறியது. பின்னால் வந்த பேரப்பிள்ளை தோளைப் பிடித்திராவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று இன்றைக்கும் நாங்கள் யோசிக்கிறதுண்டு. ஆச்சி நிமிர்ந்து அவனைப் பார்த்து ஒரே ஒரு சொல் சொன்னார்: “கருணாவை.”

சிங்களத்தில் ஏசுகிறார் என்றுதான் நினைத்தோம். கீழே தேத்தண்ணிக் கடையில் ஒரு மலையக அண்ணைதான் விளக்கினார். “தம்பி, அது திட்டு இல்ல. மலையில ஆளுக்கு ஆள் சொல்லிக்கிற வாழ்த்து. ஏறுறவங்க எறங்குறவங்களுக்குச் சொல்லுவாங்க, எறங்குறவங்க ஏறுறவங்களுக்குச் சொல்லுவாங்க. நீங்கதான் மொதல்ல சொல்லியிருக்கணும்.”

அந்தத் தேத்தண்ணி தொண்டைக்குள் இறங்கவில்லை. இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

லேசான இடம்தான் பொல்லாத இடம்

மலையேற்றக்காரர்கள் பாறைகளைப் பல வகையாய்ப் பிரிப்பார்கள். ஒரு பக்கம் கயிறு, கொக்கி, தலைக்கவசம் எல்லாம் வேண்டிய செங்குத்துச் சுவர். மற்றப் பக்கம் சும்மா நடந்து போகிற பாதை. இந்த ரெண்டுக்கும் நடுவில் ஒரு வகை இருக்கு: கயிறு தேவையில்லை, ஆனால் கையையும் ஊன்ற வேண்டும். எங்கட தீவில் இளம் ஆட்கள் லீவு நாட்களில் ஏறுகிற பாறைகளில் கனக்க இந்த வகைதான். பெரிய பயிற்சி தேவையில்லை, செலவில்லை, ஒரு சோடிச் சப்பாத்துப் போதும். அதாலதான் சனமும் கூட.

சனம் கூடினால் கதை மாறும். செங்குத்துச் சுவரில் ஏறுகிறவர் பயத்தோடு ஏறுகிறார். ஒவ்வொரு பிடியையும் இழுத்துப் பார்க்கிறார். லேசான பாறையில் அந்தப் பயம் இல்லை. கதைத்துக்கொண்டு, போனைப் பார்த்துக்கொண்டு ஏறுவோம். ஆனால் விழுந்தால் விழுகிற ஆழம் ரெண்டிலும் ஒன்றுதான். அதோட, ஒரே பாதையில் வேகமாய் ஏறுகிறவரும் மெதுவாய் ஏறுகிறவரும், முதல் தரம் வந்த பிள்ளையும் நூறு தரம் வந்த தாத்தாவும் இருப்பினம். ஒருவர் மற்றவரைக் கடந்துதான் ஆகவேண்டும். அந்த ஒரு நிமிசத்தில் ஒருவர் தன் பிடியை விடுகிறார், மற்றவர் தன் பிடியில்லாத இடத்தில் கால் வைக்கிறார். மேலே இருப்பவர் சறுக்கினால் கீழே இருப்பவரையும் கொண்டுபோவார்.

கயிறு இருந்தால் இதெல்லாம் தீரும் என்றும் சொல்ல ஏலாது. 1865 ஜூலை 14ஆம் திகதி ஆல்ப்ஸ் மலையில் மற்றர்ஹோன் உச்சியை முதன்முதலில் தொட்ட ஏழு பேரும் ஒரே கயிற்றில் கட்டுப்பட்டு இறங்கினார்கள். அனுபவம் குறைந்த ஒருவர் சறுக்கி, முன்னால் நின்ற வழிகாட்டியில் மோதி, இன்னும் ரெண்டு பேரை இழுத்துக்கொண்டு போனார். நடுவில் கயிறு அறுந்ததால் மிச்சம் மூன்று பேர் தப்பினார்கள். கயிறு கட்டினாலும் கட்டாவிட்டாலும், மலையில் ஒருவரின் கால் இன்னொருவரின் உயிரோடு தொடுக்கப்பட்டிருக்கு.

1344: சங்கிலியும் ரெண்டு பாதையும்

இதை எங்கட ஆட்கள் எப்போது விளங்கிக்கொண்டார்கள்? எங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி இபின் பதூதா. மொரோக்கோ நாட்டுப் பயணி. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளத்தில் இறங்கினார். அவரை வரவேற்றவர் யாழ்ப்பாண அரசின் ஆரியச் சக்கரவர்த்தி. என்ன வேண்டும் என்று அரசர் கேட்க, ‘ஆதமின் பாதத்தைப் பார்க்க வேண்டும்’ என்றார் பதூதா. சிவனொளிபாதமலையைத்தான் சொல்கிறார். அரசர் பல்லக்குக் கொடுத்து, வருசா வருசம் அந்த மலைக்குப் போகிற நாலு யோகிகளையும் மூன்று பிராமணர்களையும் தன் ஆட்கள் பத்துப் பேரையும் சாப்பாட்டுச் சாமான் சுமக்கப் பதினைந்து பேரையும் கூட அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி, தமிழ் அரசனின் துணையோடு, சைவ யோகிகள் வழிகாட்ட, பௌத்தர்களும் வணங்குகிற மலைக்கு ஏறினார். இன்றைக்கு எழுதினால் யாரும் நம்ப மாட்டினம்.

அவர் எழுதி வைத்த விபரம்தான் எங்களுக்கு முக்கியம். முன்னோர் பாறையில் படி வெட்டி, இரும்பு முளை அடித்து, ஏறுகிறவர் பிடிக்கிறதுக்குச் சங்கிலி தொங்கவிட்டிருந்தார்கள். மொத்தம் பத்துச் சங்கிலி. பத்தாவது சங்கிலிக்கு ‘கலிமாச் சங்கிலி’ என்று பெயர். அந்த இடத்தில் கீழே பார்க்கிறவருக்குத் தலை சுற்றும், விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் வாய் தானாகக் கலிமாவைச் சொல்லும், அதால் அந்தப் பெயர்.

மலைக்கு ரெண்டு பாதை இருந்ததாகவும் சொல்கிறார். ஒன்று பாபா பாதை, மற்றது மாமா பாதை. ஆதம், ஹவ்வா ரெண்டு பேரின் பெயரால். பாபா பாதை கடினம், மாமா பாதை லேசு. யாத்திரிகர்கள் திரும்பி வருவது மாமா பாதையால். ஏறும்போதும் அதாலேயே ஏறினவர் யாத்திரை செய்தவராகவே கணக்கில்லை.

இதை வாசித்தபோது முதலில் சிரித்தோம். கஷ்டப்பட்டு ஏறினால்தான் புண்ணியம் என்கிற பழைய கதை என்று நினைத்தோம். பிறகு அந்தச் சங்கிலியில் எங்களை வைத்து யோசித்துப் பார்த்தோம். ஏறுகிறவர் சங்கிலியில் தொங்கும்போது மேலிருந்து ஒருவர் அதே சங்கிலியால் இறங்கினால் என்ன நடக்கும்? கடினமான பாதை ஏறுவதற்கு, லேசான பாதை இறங்குவதற்கு என்று வைத்தால் அந்தச் சந்திப்பே குறைந்துவிடும். பக்திக்காக வைத்த விதியா, பாதுகாப்புக்காக வைத்ததா என்று பதூதா சொல்லவில்லை. ஆனால் விளைவு ஒன்றுதான்.

இதே பிரச்சினை அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிற ஹாஃப் டோம் என்ற பாறையில் எப்படித் தீர்ந்தது என்று பாருங்கோ. 1875இல் ஒருவர் பாறையில் துளை போட்டு இரும்பு வளையம் அடித்து ஏறினார். 1919இல் ரெண்டு இரும்பு வடங்கள் போட்டார்கள். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அந்த ஒரே சோடி வடத்துக்கு நடுவில்தான். சனம் கூடக் கூட நடுவழியில் நெரிசல். கடைசியில் 2010இல் சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களுக்கும் அடுத்த வருசம் எல்லா நாளைக்கும் அனுமதிச் சீட்டு முறை கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 300 பேர்தான். எங்கட மலையில் சீட்டு இல்லை. அங்கே நெரிசலைச் சமாளித்தது சனத்தின் பழக்கம்.

பழக்கம் என்ன செய்தது?

சிவனொளிபாதமலைக்குக் கிராமத்துச் சனம் தனித்தனியாய்ப் போவதில்லை. கூட்டமாய்ப் போகும். அந்தக் கூட்டத்துக்குச் சிங்களத்தில் ‘நடே’ என்று பெயர். பலதரம் ஏறின ஒரு வயதாளி அதற்குத் தலைவர். முதல் தரம் வருகிறவர்களுக்குத் தனிப் பெயர் உண்டு, தனிக் கவனிப்பும் உண்டு. சீத கங்குலவில் குளித்து, ஊசியும் நூலும் வைக்கிற இடத்தில் நூல் இழுத்து, உச்சியில் எத்தனை தரம் ஏறினாரோ அத்தனை தரம் மணி அடித்து என்று அந்தப் பயணம் முழுக்கச் சடங்குகள். ஏறுகிற கூட்டமும் இறங்குகிற கூட்டமும் சந்திக்கிற இடத்தில் ஒருவரை ஒருவர் வாழ்த்திப் பாடும். எங்கட ஆட்கள் ‘அரோகரா’ சொல்லி ஏறுவினம்.

பக்தியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பாறையில் நிற்கிறவரின் கண்ணால் இதைப் பாருங்கோ. கூட்டத்தில் மெதுவான ஆளின் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். முதல் தரம் வருகிறவர் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டுச் சத்தத்தால் வளைவுக்கு அப்பால் ஆட்கள் வருவது முன்னமே கேட்கும். வாழ்த்துச் சொல்வதற்காக ஒரு கணம் நிற்க வேண்டும், முகத்தைப் பார்க்க வேண்டும். நின்று முகம் பார்த்த பிறகு ஒருவரை இடித்துக்கொண்டு போவது கஷ்டம். ஆச்சி சொன்ன அந்த ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருந்தது. ‘நான் இங்கே இருக்கிறேன், உன்னைக் கண்டேன், பார்த்துப் போ.’

யார் விலக வேண்டும்?

இந்த வரலாற்றை வெறும் அழகாய் மட்டும் சொன்னால் அது பொய். அம்பகமுவவில் முதலாம் விஜயபாகுவின் கல்வெட்டு ஒன்று இருக்கு. 11ஆம் நூற்றாண்டில் சோழரிடமிருந்து பொலன்னறுவையை மீட்ட அரசர். மலைக்குப் போகிற யாத்திரிகர்களுக்கு அவர் செய்து கொடுத்த வசதிகளை அந்தக் கல்வெட்டுச் சொல்கிறது. அதே கல்வெட்டில், தாழ்ந்த சாதியார் எனப்பட்டவர்கள் நின்று வணங்குவதற்கு உச்சி முற்றத்துக்குக் கீழே தனியாக ஒரு முற்றம் கட்டினதும் வருகிறது. அவ்வளவு தூரம் ஏறி வந்தவரைக் கடைசிப் படிகளில் நிறுத்தினார்கள்.

எங்கட சமூகத்தில் ‘வழி விடுதல்’ என்றால் நீண்ட காலம் அதுதான் அர்த்தம். கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்கு விலக வேண்டும். தோளில் கிடக்கிற துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வேலி ஓரம் ஒதுங்கி நின்ற கதையை எங்கட பேரன் பேத்திமாரின் தலைமுறைக்கு நாங்கள் சொல்லாமல் விடக்கூடாது. கேரளத்தில் வைக்கம் மகாதேவர் கோயிலைச் சுற்றிய வீதிகளில் நடப்பதற்காகவே 1924இல் ஒரு போராட்டம் தொடங்க வேண்டியிருந்தது. பெரியார் அங்கே போய் ரெண்டு தரம் சிறை போனார். கோயிலுக்குள் போவதற்கான போராட்டம்கூட இல்லை அது. வீதியில் நடப்பதற்கு.

இன்றைக்குச் சாதி போய், அந்த இடத்துக்கு வேகம் வந்திருக்கு. பெரிய பஸ் ஹோன் அடித்தால் சைக்கிள் மண்ணுக்குள் இறங்க வேண்டும். மலையிலும் அதே புத்தி. நான் வேகமான ஆள், நான் பயிற்சி எடுத்த ஆள், நீ விலகு. எங்கட பெடியன் ஆச்சியைக் கடந்தபோது அவன் மனதில் ஓடினதும் இதுதான். அவன் கெட்டவன் இல்லை. பாதையில் பலசாலிக்குத்தான் உரிமை என்று நாங்கள் எல்லாரும் பழகிவிட்டோம்.

துறைமுகத்தின் பதில்

இதற்கு எதிர்ப்பக்கமான ஒரு விதியை நாங்கள் கண்டது மலையில் இல்லை, எங்கட துறைமுகத்தில். கப்பல்கள் மோதாமல் இருப்பதற்கான சர்வதேச விதிகள் 1972இல் எழுதப்பட்டு 1977இலிருந்து நடைமுறையில் இருக்கு. அதில் 13ஆவது விதி முந்துவது பற்றியது. ஒரு கப்பல் இன்னொன்றை முந்தினால், விலகிப் போக வேண்டியது முந்துகிற கப்பல்தான். முன்னால் போகிறது சின்னத் தோணியாய் இருந்தாலும் சரி. முழுதாகக் கடந்து விலகும் வரைக்கும் அந்தப் பொறுப்புத் தீராது.

ஒடுங்கிய வாய்க்காலில் இன்னும் இறுக்கம். முன்னால் போகிற கப்பல் இடம் கொடுத்தால்தான் முந்த ஏலும் என்றால், முதலில் கேட்க வேண்டும். வலப்பக்கத்தால் போக ரெண்டு நீண்ட ஊதல், ஒரு குறுகிய ஊதல். இடப்பக்கத்தால் என்றால் ரெண்டு நீண்டது, ரெண்டு குறுகியது. முன்னால் இருக்கிற கப்பலுக்குச் சம்மதம் என்றால் நீண்டது, குறுகியது, நீண்டது, குறுகியது என்று பதில் ஊதும். சந்தேகம் என்றால் குறைந்தது ஐந்து குறுகிய ஊதல்.

கடலில் இந்த விதியை எழுதியவர்கள் அன்பினால் எழுதவில்லை. முன்னால் போகிறவருக்குப் பின்னால் கண் இல்லை. பின்னால் வருகிறவருக்குத்தான் ரெண்டு பேரும் தெரியும். தெரிகிறவர்தான் பொறுப்பு. மலையிலும் சரி, ஆஸ்பத்திரி வீதியிலும் சரி, இதைவிட நேர்மையான விதியை நாங்கள் இன்னும் காணவில்லை.

அதனால் நாங்கள் இப்ப செய்வது

அந்தப் பயணத்துக்குப் பிறகு எங்கட குழுவில் புதிதாய்ச் சேருகிறவர்களுக்கு மலைக்கு முதல் நாள் இதைச் சொல்லிக் கொடுக்கிறோம். மலையேற்றக்காரர்கள் எல்லா நாட்டிலும் கடைப்பிடிக்கிற விசயங்கள்தான், எங்கட பாஷையில்.

முதலில் கேட்க வேண்டும். பத்தடி பின்னால் நின்று, திடுக்கிடப் பண்ணாமல், “அம்மா, நாங்கள் கடந்து போகலாமா?” பதில் வரும் வரைக்கும் நிற்க வேண்டும். ‘இல்லை’ என்பதும் பதில்தான்.

இடம் பார்த்துக் கடக்க வேண்டும். பாறையில் அகலமான தட்டு வரும் வரைக்கும் பின்னாலேயே போக வேண்டும். உள்பக்கம், அதாவது பாறைச் சுவரும் கைபிடியும் இருக்கிற பக்கம், மெதுவான ஆளுக்கு உரியது. வெளிப்பக்கத்தால் போகத் துணிவில்லை என்றால் கடக்கவே வேண்டாம்.

மற்றவர் பிடித்திருக்கிற பிடியைத் தொடக்கூடாது. ரெண்டு முளைக்கு நடுவில் இருக்கிற சங்கிலித் துண்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். நாம் இழுத்தால் சங்கிலி ஆடும், அதில் தொங்குகிறவரும் ஆடுவார்.

ஒருவருக்கு நேர் கீழே நிற்கக்கூடாது, ஒருவருக்கு நேர் மேலே அவசரப்படக்கூடாது. கல் உருண்டால் யாருடைய பிழை என்று பார்க்காமல் உடனே “கல்!” என்று கத்த வேண்டும். படிப் பாதையில் இறங்குகிறவர் நின்று ஏறுகிறவருக்கு இடம் கொடுக்க வேண்டும். ஏறுகிறவர் தலையைக் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறார், அவருக்கு மேலே இருப்பது தெரியாது.

மெதுவாய்ப் போகிறவருக்கும் ஒரு கடமை இருக்கு. பின்னால் ஆட்கள் சேர்ந்தால் நல்ல தட்டு வந்ததும் உள்பக்கமாய் ஒதுங்கி “நீங்கள் போங்கோ” என்று சொல்ல வேண்டும். அது தோல்வி இல்லை. அவசரத்தில் இருக்கிறவரின் கால் தவறாமல் காப்பாற்றுகிற வேலை.

கடைசியாய், கடந்த பிறகு ஒரு தரம் திரும்பிப் பார்க்க வேண்டும். கப்பல் விதி சொல்கிற அதே விசயம். முழுதாகக் கடந்து, அவர் பத்திரமாய் நிற்கிறார் என்று தெரிந்த பிறகுதான் பொறுப்பு முடிகிறது.

இதைச் சொல்லிக் கொடுக்கும்போது இப்ப கதையைச் சொல்வது அந்தப் பெடியன்தான். நாங்கள் யாரும் கேட்கவில்லை, அவனாகவே சொல்லத் தொடங்கினான். அன்றைக்குத் தேத்தண்ணிக் கடையில் பாதிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, ஆச்சி இறங்கி வரும் வரைக்கும் கடைசிப் படிக்குப் பக்கத்தில் முக்கால் மணித்தியாலம் நின்றவனும் அவன்தான். அவனுக்குச் சிங்களம் சரியாய் வராது. ஆச்சி வந்ததும் தெரிந்த அந்த ஒரே சொல்லைச் சொன்னான். ஆச்சி சிரித்து, அவன் தலையில் கை வைத்து, அதே சொல்லைத் திருப்பிச் சொல்லிவிட்டு, பேரப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு பஸ் நிக்கிற பக்கம் மெதுவாய் நடந்து போனார். நாங்கள் பின்னால்தான் போனோம். முந்தவில்லை.